ஒன்று கூட்டினால் மைனஸ்!

புது வேலைக்கு இன்டர்வியூ போகிறீர்கள். 'என்ன சம்பளம் எதிர்பார்க்கிறீங்க?' என்று மேனேஜர் கேட்கிறார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு இப்படிச் சொல்லிப் பாருங்கள்: 'பெரிசா ஒண்ணும் வேண்டாம் சார். முதல் நாள் ஒரு பைசா. ரெண்டாம் நாள் ரெண்டு பைசா. மூணாம் நாள் நாலு பைசா. அப்படியே தினமும் முந்தின நாளைப் போல டபுள். ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்துக்கணும். மாசக் கடைசியில மொத்தமா வாங்கிக்கறேன்.'

மனிதர் உள்ளம் குளிர்ந்துபோய் அங்கேயே ஆர்டர் அடித்துக் கொடுத்துவிடுவார். பத்தாம் நாள் வரைக்கும் நீங்கள் சம்பாதித்தது பத்து ரூபாய் 23 பைசா. டீக்கே காணாது. இருபதாம் நாள் முடியும்போது 10,485 ரூபாய் 75 பைசா. மேனேஜர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருப்பார். முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் கேஷியர் கணக்கை முடித்தால் மொத்தம் 2,14,74,836 ரூபாய் 47 பைசா! (ஒரே ஒரு கண்டிஷன்: பிப்ரவரியில் சேராதீர்கள். 28 நாளுக்கு 26,84,354 ரூபாய் 55 பைசாதான் தேறும்.)

சதுரங்கப் பலகையும் தானியமணியும் கதைதானே இது, ராஜாவுக்குப் பதில் மேனேஜர் என்கிறீர்களா? அதேதான். ஆனால் நமக்கு இன்றைக்கு வேண்டியது சம்பளம் இல்லை. அந்தத் தொகையைப் பைசாவாக எழுதினால் வருகிற எண். 2,14,74,83,647. இருநூற்றுப் பதினாலு கோடியே எழுபத்து நாலு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. இரண்டை 31 தடவை போட்டுப் பெருக்கி, கடைசியில் ஒன்றைக் கழித்தால் இது வரும்.

இதோடு ஒன்று கூட்டினால் என்ன வரும்? ஸ்கூல் பையன் கூட 2,14,74,83,648 என்று சொல்லிவிடுவான். ஆனால் உலகத்தில் உள்ள ஏராளமான கம்ப்யூட்டர் புரோகிராம்கள் மைனஸ் 2,14,74,83,648 என்று சொல்லும். கொஞ்சம் கூட முகம் சுளிக்காமல், எரர் மெசேஜ் கூடக் கொடுக்காமல் சொல்லும். உங்கள் வீட்டுக் கடனுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. அங்கே வருவதற்கு முன்னால் இந்த எண்ணின் பூர்வீகத்தைக் கொஞ்சம் விசாரித்துவிடலாம். பெரிய இடத்துப் பிள்ளை.

இது ஒரு பகா எண். அதாவது ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாது. 7, 13, 31 போல. ஆனால் பத்து இலக்கத்தில். 'இரண்டை இத்தனை தடவை பெருக்கி ஒன்றைக் கழி' என்கிற ஜாதிக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். மெர்சென் பிரான்ஸ் தேசத்துப் பாதிரியார். 1644-ல் ஒரு பட்டியல் வெளியிட்டார். 257 தடவை வரைக்கும் பெருக்கினால் எதெதெல்லாம் பகா எண் என்று. 31 அதில் இருந்தது. ஆனால் பாதிரியார் சொன்ன அத்தனையும் சரியில்லை. 67-ஐயும் 257-ஐயும் தப்பாகச் சேர்த்துவிட்டார்; 61, 89, 107 மூன்றையும் விட்டுவிட்டார். ஆகவே 'அவர் சொன்னார்' என்பதை வைத்துக்கொண்டு 31-ஐ நம்ப முடியாது. யாராவது உட்கார்ந்து வகுத்துப் பார்க்க வேண்டும்.

ஏனென்றால் இந்த ஜாதி நம்மை நன்றாக ஏமாற்றும். 11 தடவை பெருக்கி ஒன்றைக் கழித்தால் 2,047. பார்க்க ஒற்றையாக, யோக்கியமாக இருக்கும். 23 x 89 என்று உடைந்துவிடும். 23 தடவை என்றால் 83,88,607. அது 47 x 1,78,481. 29 தடவைக்கு வருகிற 53,68,70,911 மூன்று துண்டாகப் போகும்: 233, 1,103, 2,089. அடுத்து நிற்பது 31.

வகுத்துப் பார்த்தவர் லியோனார்ட் ஆய்லர். சுவிட்சர்லாந்துக்காரர், ரஷ்யாவில் பீட்டர்ஸ்பர்க்கில் உத்தியோகம். மூன்றாம் யோஹான் பெர்னூலிக்கு அவர் 1772-ல் ஒரு கடிதம் எழுதினார். அதில் இந்த எண் பகா எண்தான் என்று அறிவித்தார். அந்த வருஷம் அவருக்கு வயது 65. ஒரு கண் முப்பது வயதையொட்டியே போய்விட்டது. இன்னொன்றும் புரை விழுந்து ஏறக்குறைய இருட்டு. அந்த நிலைமையிலும் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுத, கட்டுரை கட்டுரையாகத் தள்ளிக்கொண்டிருந்தார். (நமக்கு ஏ.சி. வேலை செய்யவில்லை என்றால் ஃபைல் நகராது.)

எப்படிக் கண்டுபிடித்தார் என்பதுதான் இதில் ருசியான பகுதி. ஒரு எண் பகா எண்ணா என்று பார்க்க அதன் வர்க்கமூலம் வரைக்கும் வகுத்தால் போதும். இதற்கு அது 46,340. அதற்குள் இருக்கும் பகா எண்கள் ஏறத்தாழ 4,800. பேனாவும் பேப்பரும் வைத்துக்கொண்டு 4,800 நெடும் வகுத்தல்! கால்குலேட்டர் கிடையாது. ஆடிட் சீசனில் கூட யாரும் செய்ய மாட்டார்கள்.

ஆய்லர் செய்யவில்லை. சற்று முன்னே பார்த்த 2,047-ஐத் திரும்ப எடுங்கள். 11 தடவை பெருக்கிக் கிடைத்தது. உடைந்த துண்டுகள் 23, 89. இரண்டிலும் ஒன்றைக் கழியுங்கள். 22, 88. இரண்டுமே 11-ன் மடங்கு! அதிர்ஷ்டமா? 23 தடவை பெருக்கினதைப் பாருங்கள். துண்டு 47, ஒன்றைக் கழித்தால் 46, அதாவது இரண்டு 23. 29-க்கு? 233-ல் ஒன்று போனால் 232, எட்டு 29. இது தற்செயல் இல்லை, நிரூபிக்கப்பட்ட விதி. திருடன் எந்த ஊர்க்காரன் என்று தெரிந்த மாதிரி. ஆகவே நம் எண்ணை ஒரு பகா எண் வகுக்குமானால், அதில் ஒன்றைக் கழித்தால் 31-ன் மடங்காக இருந்தாக வேண்டும். இதோடு இன்னொரு விதியும் சேர்ந்துகொள்கிறது: அந்தத் திருடனை 8-ஆல் வகுத்தால் மீதி ஒன்றாகவோ ஏழாகவோதான் இருக்கும். இரண்டையும் சேர்த்துக் குழைத்தால், 248-ஆல் வகுத்து மீதி 1 அல்லது 63 வருகிற பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும். மற்றவர்களெல்லாம் நிரபராதிகள், வீட்டுக்குப் போகலாம்.

அடையாள அணிவகுப்பில் முதலில் நிற்பது 311. அடுத்தது 1,303. அப்புறம் 1,489. எவ்வளவு தாராளமான இடைவெளி பாருங்கள். 4,800 பேர் இருந்த வரிசை எண்பது பேர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. எண்பது வகுத்தல் என்பது இரண்டு மூன்று நாள் வேலை. எல்லாவற்றிலும் மீதி வந்தது. கேஸ் முடிந்தது. அதற்கு முன்பு 1588-ல் இத்தாலிக்காரர் கட்டால்டி நிரூபித்த ஆறு இலக்க எண் 5,24,287 கையில் வைத்திருந்த 'உறுதியாகத் தெரிந்த மிகப் பெரிய பகா எண்' பட்டம் இதற்கு வந்தது. பல பத்தாண்டுகள் அதை யாரும் பறிக்க முடியவில்லை.

இதற்கு இன்னொரு பெருமையும் உண்டு. 6 என்ற எண்ணை வகுக்கிற சின்ன எண்கள் 1, 2, 3. கூட்டினால் 6. அதே போல 28-க்கு 1, 2, 4, 7, 14. கூட்டினால் 28. வரவும் செலவும் பைசா பிசகாமல் டேலி ஆகிற இந்த மாதிரி எண்ணுக்கு நிறைவெண் என்று பெயர். (டிரையல் பேலன்ஸில் ராத்திரி பதினோரு மணிக்கு மூன்று ரூபாய் உதைத்து அனுபவப்பட்ட என் போன்ற பி.காம். ஆசாமிகளுக்கு இதன் அருமை சொல்லாமலே புரியும்.) ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் தனக்கென்று ஒரு நிறைவெண்ணைப் பெற்றுத் தரும். நம் எண் தருவது 23,05,84,30,08,13,99,52,128. எட்டாவது நிறைவெண்.

இங்கிலாந்தில் பீட்டர் பார்லோ என்று ஒரு வாத்தியார். ராணுவ அகாடமியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். வர்க்கம், வர்க்கமூலம் எல்லாம் அச்சடித்த 'பார்லோ டேபிள்ஸ்' புத்தகம் இவருடையதுதான். 1811-ல் இவர் எழுதியதன் சாரம் இது: இந்த 19 இலக்க நிறைவெண்ணைத் தாண்டி இன்னொன்றை யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை, இதெல்லாம் வெறும் வேடிக்கை, காலணாவுக்குப் பிரயோஜனம் இல்லாத விஷயம், இதற்காக எவன் மெனக்கெடுவான்?

மெனக்கெட்டார்கள். 1876-ல் லூக்கா என்ற பிரெஞ்சுக்காரர் 127 தடவை பெருக்கின 39 இலக்க எண்ணைப் பகா எண் என்று நிரூபித்தார். 2024 அக்டோபரில் அறிவித்த மெர்சென் பகா எண்ணுக்கு 4 கோடியே 10 லட்சத்துச் சொச்சம் இலக்கங்கள். அதை இந்தப் பத்திரிகையில் அச்சடித்தால் நீங்கள் பேப்பர்காரனுக்கு எடைக்குப் போடத்தான் சரி. ஆனால் பார்லோ நிஜமாகச் சறுக்கியது அந்த 'பிரயோஜனம் இல்லாத' என்கிற இடத்தில்.

கம்ப்யூட்டருக்குப் பத்து விரல் கிடையாது. ஒவ்வொரு எண்ணையும் சின்னச் சின்னப் பெட்டிகளில் வைக்கிறது. ஒரு பெட்டியில் பூஜ்யம் அல்லது ஒன்று, அவ்வளவுதான். பெட்டிக்குப் பெயர் பிட். வெகுகாலம் ஒரு முழு எண்ணுக்கு 32 பெட்டி என்று ஒதுக்கினார்கள். முதல் பெட்டி பிளஸ்ஸா மைனஸா என்று சொல்ல. மீதி 31. ஒவ்வொரு பெட்டியின் மதிப்பும் முந்தினதைப் போல இரு மடங்கு: 1, 2, 4, 8, 16... நம் மேனேஜர் கொடுத்த தினக்கூலி அப்படியே! 31 பெட்டியும் நிரம்பினால் 31 நாள் சம்பளம், 2,14,74,83,647. அதற்கு மேல் ஒரு பைசா சேர்த்தாலும் நிரம்பி வழிந்து முதல் பெட்டிக்குள் ஒன்று விழுந்துவிடும். அது மைனஸ் பெட்டி. பழைய ஸ்கூட்டர் மீட்டர் 99,999-க்கு அப்புறம் பூஜ்யத்துக்குப் போகுமே, அது பரவாயில்லை. இது நேராகப் பாதாளத்துக்குப் போகும்.

பகா எண் என்பதால்தான் இதை எல்லையாக வைத்தார்கள் என்று நினைக்காதீர்கள். அது தற்செயல். 16 பெட்டி எல்லையான 32,767-ஐ 7, 31, 151 மூன்றும் கூறு போட்டுவிடும். ஆனால் பகா எண்ணாகப் போனது வேறு ஒரு வேலைக்கு வசதியாகிவிட்டது. சீட்டுக் குலுக்குகிற மாதிரி எண்களைத் தாறுமாறாகக் கொடுக்கக் கம்ப்யூட்டருக்கு ஒரு தந்திரம் வேண்டும். 1969-ல் ஐ.பி.எம். 360 மெஷினுக்கு எழுதப்பட்ட முறை இது: கையில் உள்ள எண்ணை 16,807-ஆல் பெருக்கு, 2,14,74,83,647-ஆல் வகு, மீதியை அடுத்த எண்ணாக வைத்துக்கொள். ஒன்றில் ஆரம்பித்தால் 16,807, அப்புறம் 28,24,75,249, அப்புறம் 1,62,26,50,073. இப்படியே போய் 1 முதல் 2,14,74,83,646 வரை ஒவ்வொரு எண்ணையும் ஒரே ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் பழைய இடத்துக்கு வரும். ஆய்லர் பகா எண் என்று நிரூபித்தாரே, அந்தக் குணம் இல்லையென்றால் இந்த முழுச் சுற்று நடக்காது. காலணாவுக்குப் பிரயோஜனம் இல்லாத எண், பார்லோ சார்!

இனி வழிந்த கதைகள். 2014 டிசம்பரில் 'கங்நம் ஸ்டைல்' என்ற கொரியப் பாட்டை யூடியூபில் பார்த்தவர்கள் எண்ணிக்கை இந்த எல்லையைத் தாண்டியது. குதிரை டான்ஸ் ஞாபகம் இருக்கிறதா? அதற்காக அவர்கள் எண்ணும் பெட்டியை 64 பிட்டாகப் பெரிசு பண்ண வேண்டியிருந்தது. அது தமாஷ். 2018 நவம்பரில் பேஸ்கேம்ப் என்ற அமெரிக்கக் கம்பெனியின் ஆபீஸ் வேலை சாஃப்ட்வேரில், ஒரு டேபிளில் வரிசை எண் 2,14,74,83,647-ஐத் தொட்டது. அடுத்த என்ட்ரி போட எண் இல்லை. சுமார் ஐந்து மணி நேரம் வாடிக்கையாளர்கள் பழசைப் படிக்கலாம், புதிதாக ஒரு எழுத்துப் போட முடியாது. 2021 மே மாதம் நாஸ்டாக் பங்குச் சந்தைக்கு வேறு மாதிரித் தலைவலி. வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்தவே 'ஏ' பங்கு ஒன்றின் விலை 4,20,000 டாலரைத் தாண்டியது. அவர்கள் விலையை நாலு தசம ஸ்தானத்தோடு 32 பெட்டியில் வைத்திருந்தார்கள். மைனஸ் பெட்டியையும் பிளஸ்ஸுக்கே எடுத்துக்கொண்டதால் எல்லை இரட்டிப்பு. ஆனாலும் 4,29,496 டாலர் 72 சென்ட்டுச் சொச்சத்துக்கு மேல் இடம் இல்லை. அந்தப் பங்கின் விலையை ஒலிபரப்புவதைக் கொஞ்ச நாள் நிறுத்தியே வைத்தார்கள். விலை அதிகமாகிவிட்டதால் விலை சொல்ல முடியவில்லை!

தமாஷ் இல்லாத ஒன்று 2015-ல். போயிங் 787 விமானத்தின் மின்சாரத்தை 248 நாள் தொடர்ந்து அணைக்காமல் வைத்திருந்தால் ஜெனரேட்டர்களைக் கட்டுப்படுத்தும் கருவிகள் எல்லாம் ஒரே நேரத்தில் தங்களை நிறுத்திக்கொள்ளக்கூடும் என்று லேபில் தெரிந்தது. பறக்கும்போதும் நடக்கலாம். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் உத்தரவு போட்டது: 120 நாளுக்குள் ஒரு தடவை கரன்ட்டை அணைத்துப் போடு. 248 நாள் என்பதைக் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தவர்கள் சிரிக்கவும் முடியாமல் விழித்தார்கள். விநாடியில் நூறில் ஒரு பங்காக எண்ணிக்கொண்டு போனால், நம் எண் நிரம்புவது சரியாக 248-வது நாள் தாண்டி 249-க்குள். (ஆய்லரின் வகுத்தலிலும் 248 வந்ததே என்று ஜோசியம் பார்க்காதீர்கள். அதற்கும் இதற்கும் உறவு இல்லை.)

இப்போது வீட்டுக் கடன். யூனிக்ஸ் குடும்பத்துக் கம்ப்யூட்டர்கள் தேதியைத் தேதியாக வைத்துக்கொள்வதில்லை. 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவிலிருந்து எத்தனை விநாடி ஆயிற்று என்று எண்ணிக்கொண்டே இருக்கின்றன. அந்தக் கணக்கு 2023 நவம்பரில் 170 கோடியைத் தாண்டியது. 32 பெட்டிக்காரர்களுக்கு அது 2,14,74,83,647-ஐத் தொடுகிற நாள் 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை. நம்ம ஊர் நேரம் காலை 8 மணி 44 நிமிஷம் 7 விநாடி. பொங்கல் முடிந்த கையோடு, நீங்கள் ஆபீஸுக்குப் பஸ் பிடிக்கிற நேரம். செவ்வாய்க்கிழமை ராகுகாலம் மூன்று மணிக்குத்தான், ஆகவே பஞ்சாங்கம் காப்பாற்றாது. அடுத்த விநாடி மைனஸ். திருத்தப்படாத கம்ப்யூட்டர் அந்த மைனஸை 1970-லிருந்து பின்பக்கமாக எண்ணும். நம் நேரப்படி 1901 டிசம்பர் 14, பின்னிரவு இரண்டே கால் மணி. ஏழாம் எட்வர்ட் ராஜா ஆட்சி.

'அதுக்கு இன்னும் வருஷம் கிடக்கு சார்' என்றான் பக்கத்து ஃப்ளாட் சாஃப்ட்வேர் தம்பி. அதுதான் இல்லை. கம்ப்யூட்டர் இன்றைய தேதியை மட்டுமா பார்க்கிறது? 2006 மே மாதம் ஏ.ஓ.எல். சர்வர் என்ற மென்பொருள் பல இடங்களில் திடீரென்று விழுந்தது. காரணம், 'இந்த வேலைக்குக் கெடு எப்போதுமே முடியக்கூடாது' என்பதற்கு யாரோ 100 கோடி விநாடி என்று எழுதி வைத்திருந்தார்கள். சுமார் 31 வருஷம் 8 மாதம். அந்த மே மாதத்திலிருந்து 100 கோடி விநாடி கூட்டினால் 2038 ஜனவரி 19-ஐத் தாண்டிவிடும். கெடு முடியவே கூடாத வேலைக்கு 1901-லேயே கெடு முடிந்துவிட்டது!

உங்கள் காகிதங்களை எடுத்துப் பாருங்கள். இன்றைக்கு இருபது வருஷ வீட்டுக் கடன் போட்டால் கடைசி தவணை 2038-க்கு எங்கோ அப்பால். பி.பி.எஃப். கணக்கு 2022 ஏப்ரலுக்குப் பிறகு ஆரம்பித்தவர்களுக்கு முதிர்வு 2038 ஏப்ரல் அல்லது அதற்கும் பின்னால். இருபத்தைந்து வயதில் வேலைக்குச் சேரும் பையனின் ரிடையர்மென்ட் தேதி எல்லாவற்றையும் தாண்டி நிற்கிறது. இந்தத் தேதிகளெல்லாம் இப்போதே யாருடைய கம்ப்யூட்டரிலோ டைப் ஆகிக்கொண்டிருக்கின்றன.

பயப்பட வேண்டாம், பெரிய இடங்களில் வேலை நடந்திருக்கிறது. லினக்ஸின் மூலக்கருவை 2020-ல் வெளிவந்த 5.6 பதிப்பில் 32 பிட் மெஷினிலும் 64 பிட் நேரம் வைக்கும்படி செய்துவிட்டார்கள். நம் கையில் இருக்கும் புதுப் போன்களும் கம்ப்யூட்டர்களும் 64 பிட்தான். எனக்குச் சந்தேகம் எல்லாம் சின்ன இடங்களின் மேல். மை எஸ்.க்யூ.எல். டேட்டாபேஸில் 'டைம்ஸ்டாம்ப்' என்று ஒரு வகை உண்டு, அதன் எல்லை இந்த 2038 விநாடியேதான். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு காலேஜ் பையன் எழுதிக் கொடுத்துவிட்டு வெளிநாடு போய்விட்ட அக்கவுன்ட்ஸ் பேக்கேஜ், சுவரில் மாட்டியதோடு எல்லோரும் மறந்துபோன கன்ட்ரோல் பெட்டி... இவற்றைத் திறந்து பார்க்க எந்த சர்க்குலரும் வருவதில்லை. உங்கள் ஆபீஸில் அப்படி ஒன்று இருந்தால், அதன் ஒரு காப்பியில் 2038 பிப்ரவரிக்கு ஒரு தவணைத் தேதி போட்டுப் பாருங்கள். இரண்டு நிமிஷ வேலை. அசலில் போட்டுப் பார்த்துவிட்டு என் பெயரைச் சொல்லாதீர்கள். அப்படியே தொகை இடத்தில் இரண்டு கோடியே பதினைந்து லட்சம் ரூபாயும் அடித்துப் பாருங்கள். பைசாவை முழு எண்ணாக வைத்து எழுதின ஆசாமியாக இருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்வார். வரவேண்டிய பாக்கி, தரவேண்டிய பாக்கியாக மாறி நிற்கும்.

64 பெட்டிக்கு மாறினவர்களுக்கு எல்லை எங்கே தெரியுமா? 92,23,37,20,36,85,47,75,807. விநாடிக் கணக்கில் அது நிரம்ப ஏறத்தாழ 29,200 கோடி வருஷம் ஆகும். பிரபஞ்சத்துக்கே இதுவரை 1,380 கோடி வயசுதான், ஆகவே எந்த பாங்க் மேனேஜரும் அதுவரைக்கும் கடன் கொடுக்கப்போவதில்லை. ஆனால் ஒன்று: இந்தப் பெரியவர் பகா எண் இல்லை. ஏழால் வகுபடும், 73-ஆல் வகுபடும், 127-ஆலும் வகுபடும். ஆய்லரிடம் கொடுத்திருந்தால் காபி ஆறுவதற்குள் முடித்துவிட்டு அடுத்ததைக் கேட்டிருப்பார்.